வைஜயந்தி மிச்சம் பிடித்த அறுபத்தொரு நொடி

கேன்டீன் வரிசையில் தனக்கு முன்னால் நிற்கிறவர் தட்டை எடுக்கக் கையை நீட்டும்போதே வைஜயந்தி டோங்கரேயின் உதடுகள் எண்ணத் தொடங்கிவிடும். தட்டுக்கு நாலு. அவல் போஹாவை அள்ளிப் போட ஆறு. மேலே தேங்காய்த் துருவல் தூவ மூன்று. எலுமிச்சைக் கிண்ணத்தில் கைவிட்டு, இருப்பதிலேயே பெரிய துண்டாகத் துழாவுகிற ஆளாக இருந்தால் அதற்கு மட்டும் எட்டு. "துண்டை முன்னாடியே தட்டுல வச்சுட்டா ஆளுக்கு எட்டு செகண்டு மிச்சம்" என்பாள், யாரிடம் என்றில்லாமல். பரிமாறுகிறவர் பதினாறு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அந்த எட்டு செகண்டை வச்சு என்ன மேடம் பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். வைஜயந்தி நின்று நிஜமாகவே யோசித்தாள். "உட்காந்து சாப்பிடலாம்ல?" என்றாள்.

ஆனால் அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்தியபடி, அடுத்தவர் சாப்பிடும் வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றே முடித்துவிடுவாள்.

சிஞ்ச்வட்டில் அறுபது வருஷமாகப் பிரஷர் குக்கர் செய்கிற கம்பெனி அது. அங்கே மாடியில் ஓர் அறைக்கு வெளியே இரண்டு பலகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்குகின்றன. மேலே இருப்பது 'செயல்திறன் பிரிவு'. கீழே இருப்பது 'புதுமைப் பிரிவு'. உள்ளே இரண்டு மேசைகள், இரண்டு நாற்காலிகள், ஓர் ஆள். முன்பு இரண்டுக்கும் தனித்தனி ஆட்கள் இருந்தார்கள். இரண்டு பிரிவுக்கு இரண்டு பேர் எதற்கு என்று செயல்திறன் பிரிவு ஓர் அறிக்கை கொடுத்தது. நிர்வாகம் அதை உடனே ஏற்றுக்கொண்டது. அந்த அறிக்கையை எழுதியவள் வைஜயந்தி. அன்றிலிருந்து காலையில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, எதையும் மாற்றாமல் இன்னும் வேகமாகச் செய்வது எப்படி என்று பார்க்கிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்து அடுத்த மேசைக்குப் போய், எதையாவது மாற்றுவது எப்படி என்று பார்க்கிறாள். ஒரு மேசையிலேயே இரண்டையும் செய்யலாமே என்று கேட்டால், "அது எப்படி? காலையில உட்காந்த புத்தியோடயே மதியமும் உட்காந்தா ஒண்ணும் புதுசா வராது" என்பாள். நாற்காலி மாறினால் புத்தி மாறுமா என்ற சந்தேகம் அவளுக்கே உண்டு. அதையும் அவளிடம்தான் கேட்க வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்?

வயது நாற்பத்து மூன்று. ஒல்லி. நடக்கும்போது கைகளை வீசமாட்டாள். வீசுவதால் எதுவும் நகர்வதில்லை என்பது அவள் கட்சி. கணவர் திலீப் மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் இருக்கிறார், சாந்தமான மனிதர். கல்யாணமான புதிதில் அவர் சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலே போடுவதைப் பார்த்து, "மேலேருந்து கீழே போட்டா ரெண்டு செகண்டு குறையும்" என்றாளாம். அவர் மாற்றிக்கொண்டார். மிச்சமான நேரத்தில் கண்ணாடி முன் நின்று தலையை இன்னொரு தடவை வாரிக்கொள்கிறார். நாத்தனார் கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவர்களை நிறுத்தி, உப்பையும் சட்னியையும் ஒரே ஆள் கொண்டுவந்தால் ஒரு பந்திக்கு நான்கு நிமிஷம் குறையும் என்று விளக்கியதிலிருந்து, குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் அவளை மணமேடைப் பக்கத்திலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். சமையல் பக்கம் விடுவதில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் மாதம் இரண்டு யோசனை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம். உன் பெயர், உன் யோசனை, அதனால் மிச்சமாகும் நேரம் என்று மூன்றே கட்டம். மூன்றாவது கட்டத்தை வைஜயந்தி நேரில் வந்து, கழுத்தில் தொங்கும் எஃகு ஸ்டாப் வாட்சால் அளந்து, நிரப்பிக் கையெழுத்துப் போடுவாள். பத்து யோசனை சேர்ந்தால் ஒரு ஸ்டீல் டப்பா பரிசு. ஆலையைச் சுற்றியுள்ள தேர்காவ், காளேவாடிப் பக்கம் கம்பெனி முத்திரை குத்திய டப்பா இல்லாத அடுக்களையைக் காண்பது கஷ்டம்.

மாதம் இரண்டு யோசனைக்கு மனிதர்கள் எங்கே போவார்கள்? மூடி மேசையில் ஆறு பெண்கள். ஆளுக்கொரு மூடியை எடுத்து, கைப்பிடி முடுக்கி, வால்வு பூட்டி, ரப்பர் கேஸ்கட்டை உள்விளிம்பில் அமுக்கி, துடைத்து, உள்ளே தன் எண்ணைக் குத்தி அனுப்ப வேண்டும். வைஜயந்தி வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு மூடிக்கு ஐம்பத்தெட்டு நொடி. அந்த வருஷம் கமல் மாவ்ஷி, மேசைக்கே சித்திபோல இருக்கும் முதல் எண்காரி, கேஸ்கட் தட்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாற்றினால் நல்லது என்று எழுதிக் கொடுத்தாள். வைஜயந்தி அளந்தாள். நாலு நொடி மிச்சம். மறு வருஷம் வேறொருத்தி, தட்டை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றினால் நல்லது என்று எழுதிக் கொடுத்தாள். அளந்தாள். மூன்று நொடி மிச்சம். தட்டு இதுவரை பதினோரு தடவை போய் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மிச்சம். நாற்காலியை உயர்த்தியதில் மிச்சம், பிறகு தாழ்த்தியதில் மிச்சம்.

இதில் வைஜயந்தி ஒரு நொடிகூடப் பொய்யாக எழுதியதில்லை. அவள் வாட்சைப் பிடித்து நிற்கும்போது நேரம் உண்மையிலேயே குறைந்தது. "மேடம் வந்துட்டாங்கடி!" என்று கமல் மாவ்ஷி குரல் கொடுத்தால் ஆறு ஜோடிக் கைகளுக்கும் இறக்கை முளைக்கும். விருந்தாளி வந்தால் பாக்ரி ரொட்டியில் இன்னொரு கரண்டி நெய் விழுவதுபோல, அது ஒரு மரியாதை. அவள் படியேறிப் போனதும் கைகள் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அவளுக்கு இது தெரியும். வீடு இருக்கும் தாபோடியிலிருந்து வரும் பஸ்ஸில் சில நாள் தன்னையே கேட்டுக்கொள்வாள்: வாட்ச் பொய் சொல்லவில்லை, அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படியானால் ஃபைலில் இருப்பது என்ன? பதில் வருவதற்குள் சிஞ்ச்வட் நிறுத்தம் வந்துவிடும். இறங்கிவிடுவாள்.

பிப்ரவரியில் மும்பைத் தலைமை அலுவலகத்திலிருந்து நிகில் ஸப்ரே வந்தார். முப்பத்து மூன்று வயது, நல்ல வெள்ளைச் சட்டை. பேசும்போது இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்த்தபடி நீட்டி வைத்துக்கொள்வார். "மேடம், ஒரு கையில எஃபிஷியன்சி. இன்னொரு கையில இன்னோவேஷன். ரெண்டையும் கீழே விடக் கூடாது." டீ கொண்டுவருகிறவர் எந்தக் கையில் கொடுப்பது என்று தெரியாமல் நிற்பார். டீ ஆறிப்போகும்.

அந்த ஸப்ரேதான் பதினாறு வருஷப் படிவங்களைக் கணினியில் ஏற்றிக் கூட்டியவர். அதுவரை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. மூடி மேசையில் மட்டும் மொத்தம் மிச்சம் பிடித்தது அறுபத்தொரு நொடி.

"ஆரம்பத்துல ஒரு மூடிக்கு எவ்வளவு மேடம்?"

"ஐம்பத்தெட்டு, சாஹேப்."

"ஐம்பத்தெட்டுல அறுபத்தொண்ணு போனா?"

வைஜயந்தி கணக்கில் தவறமாட்டாள். "மூணு செகண்டு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்."

"அதாவது, மூடி மேசைக்கு வர்றதுக்கு முன்னாடியே பூட்டி அனுப்பிடறாங்க."

"ஃபைல்படி, ஆமா சாஹேப்."

ஸப்ரே கெட்ட மனிதர் இல்லை. வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, பாதி உண்மைன்னு வச்சுக்குவோம். பாதியாவது உண்மையா இருக்காதா? பாதின்னா ஒரு மூடிக்கு இருபத்தெட்டு செகண்டுதான். மூணு பேர் போதும்" என்றார். நாலு, ஐந்து, ஆறாம் எண்காரிகள் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். மார்ச் முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம் என்று ஒரு பட்டியல் தயாராகும். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. அப்புறம், ஒவ்வொரு ஆலையிலேருந்தும் ஒரு பெரிய புது யோசனை கேட்டிருக்காங்க. அதையும் நீங்கதான் பார்க்கணும். உங்களுக்கும் நல்லதுதானே, திங்கக்கிழமை உதவி மேலாளர் இன்டர்வியூ இருக்கே!"

இருக்கிறது. அவள் விண்ணப்பத்தின் முதல் வரியே 'பதினாறு ஆண்டுகளில் பல்வேறு பிரிவுகளில் நேரத்தை மிச்சப்படுத்தியது' என்பதுதான். மார்க்கெட் யார்டில் மூட்டை சுமந்தவரின் மகள், வீட்டில் முதல் பட்டதாரி, உதவி மேலாளர் ஆவதற்கு அந்த ஒரு வரியைத்தான் நம்பியிருந்தாள்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது மேசையில் உட்கார்ந்து அந்த மாதத்து யோசனைகளைப் படித்தாள். தட்டை நகர்த்தலாம். நாற்காலியை நகர்த்தலாம். குப்பைத் தொட்டியை நகர்த்தலாம். கம்பெனியே கொஞ்சம் கிழக்கே நகர்ந்தால் நல்லது என்று யாரும் எழுதாததுதான் பாக்கி. எழுந்து, கீழே கொட்டகைக்குப் போனாள். கடைகளிலிருந்து திரும்பி வந்த குக்கர்கள் அங்கேதான் குவிந்து கிடக்கும். மாதத்துக்கு அறுநூறு வரும். பெரும்பாலும் ஒரே புகார்தான்: ஆவி பக்கவாட்டில் போகிறது, விசில் வருவதில்லை. ஏதாவது யோசனை இங்கே கிடக்குமா என்றுதான் போனாள். ஆனால் குவியலைக் கண்டால் எண்ணாமல் இருக்க அவளால் முடியாது. மூடிகளைப் புரட்டி உள்ளே குத்தியிருந்த எண்ணைப் பார்த்துப் பிரித்து அடுக்கினாள். ஒன்று, நூற்றுப் பதினெட்டு. இரண்டு, நூற்று இருபத்து மூன்று. மூன்று, ஐந்து, ஆறு, எல்லாம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாலு, ஒன்று. அந்த ஒன்றும் மாமியார் கையிலிருந்து தவறி விழுந்து நசுங்கியது என்று சீட்டு ஒட்டியிருந்தது.

நாலாம் எண் சுமன் வாக்சௌரே. ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில் இருப்பவள். வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். வைஜயந்தி மேசைக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றதும், சுமன் காலால் எதையோ மேசைக்கு அடியில் தள்ளினாள். தண்ணீர் சிந்தியது.

"என்ன சுமன் அது?"

"ஒண்ணுமில்ல மேடம். தண்ணி."

"குடிக்கவா?"

"கேஸ்கட்டுக்கு."

கமல் மாவ்ஷி இந்தப் பக்கம் திரும்பாமலே, "குளிப்பாட்டுறா மேடம் அவ. பெத்த பிள்ளைக்கு மாதிரி. கேன்டீன்லேருந்து வெந்நீர் வாங்கிட்டு வந்து, அதுல முக்கி எடுத்துத்தான் மாட்டுவா. கம்பெனி கொடுத்த டப்பாதான், பாருங்க. வேறெதுக்கு ஆகும் அது?" என்றாள்.

சுமன் தலை குனிந்தபடி சொன்னாள். குளிர்காலத்தில் ரப்பர் விறைத்துப் போகிறது. அவசரத்தில் அமுக்கினால் ஓரத்தில் எங்கேயாவது முறுக்கிக்கொள்கிறது. வெந்நீரில் முக்கினால் இளகி, தானே போய் உட்கார்ந்துகொள்கிறது. வீட்டில் பாத்திரம் கழுவும்போது கண்டுபிடித்தது. தீபாவளிக்குப் பிறகு இப்படித்தான் செய்கிறாள்.

"ஏன் படிவம் கொடுக்கல?"

"எவ்வளவு மிச்சம்னு கேக்குதே மேடம். இதுல மிச்சம் எங்க இருக்கு? ஒன்பது செகண்டு கூடுது."

"நீ எப்படி அளந்தே?"

"எண்ணினேன்." சுமன் கொஞ்சம் தயங்கினாள். "உங்க வாயைப் பார்த்துப் பார்த்துப் பழகிடுச்சு."

"ஒரு நாளைக்கு அறுபது மூடி குறையுமே உனக்கு?"

"அதை நாங்க பார்த்துக்கறோம்," என்றாள் கமல் மாவ்ஷி. "சாயங்காலம் தலைக்குப் பன்னெண்டு மூடி சேர்த்துப் போட்டுடறோம். மேசைக் கணக்கு சரியா இருந்தா யாரு கேக்கப் போறா? ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், ஏண்டி இப்படி மெனக்கெடறேன்னு. 'அங்க ஒருத்தி பருப்பை வச்சுட்டு விசிலுக்குக் காத்துட்டு நிப்பா மாவ்ஷி'ங்கறா. அப்புறம்தான் குறையறதை நாங்க பங்கு போட்டுக்கிட்டோம்."

வைஜயந்தி மாடிக்குத் திரும்பி இரண்டு மேசைகளுக்கும் நடுவில் நின்றாள். பதினாறு வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்ட படிவங்களில் ஒன்றுகூட ஒரு குக்கரை நன்றாக்கவில்லை. நன்றாக்கிய ஒன்றுக்குப் படிவத்தில் இடமில்லை. அதைக் கண்டுபிடித்தவளின் பெயர் பட்டியலில் இருக்கிறது. வெந்நீர் யோசனையை முறைப்படி அனுப்ப வேண்டுமானால் மூடி மேசையைப் புதிதாக அளக்க வேண்டும். அளந்தால் அறுபத்தொரு நொடியும் காற்றில் போகும். அளக்காவிட்டால் மூன்று பேர் போவார்கள். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். இரண்டிலும் ஒரே பதில்தான் வந்தது. எரிச்சலாக இருந்தது.

ஸப்ரேயிடம், பட்டியல் போவதற்கு முன் ஒரு தடவை புதிதாக அளந்துவிடலாம் என்றாள். அவர் மகிழ்ச்சியாகச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை காலை என்று முடிவானது. வியாழக்கிழமை மாலை மூடி மேசைக்குப் போய், "நாளைக்கு அளக்க வர்றோம். சாதாரணமா எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க. ஓடாதீங்க" என்றாள். பட்டியல் பற்றிச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. அதனால் வேறெதுவும் சொல்லவில்லை.

"நாங்க எப்ப மேடம் ஓடினோம்?" என்றாள் கமல் மாவ்ஷி. ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை வைஜயந்தி கவனித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. ஸப்ரே கையில் கைபேசி, வைஜயந்தி கையில் வாட்ச். அமுக்கினாள். கமல் மாவ்ஷியின் கைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. கைப்பிடி ஏறிய சத்தம் அடங்குவதற்குள் கேஸ்கட் உட்கார்ந்திருந்தது. நாற்பத்தொன்று. இரண்டாம் எண்காரி நாற்பத்திரண்டு. இதயக் கோளாறு என்று மருத்துவ விடுப்பில் போய்வந்த ஐந்தாம் எண்காரி முப்பத்தொன்பது. சுமன், வெந்நீர் டப்பாவில் முக்கி எடுத்துத் துடைத்து மாட்டி, நாற்பத்தெட்டு. ஆறு பேர் நெற்றியிலும் வேர்வை. தலைமேல் ஓடிய மின்விசிறி அவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சோம்பலாகத் தெரிந்தது.

"பிரமாதம்!" என்றார் ஸப்ரே. "தண்ணியில முக்கியும் நாற்பத்தெட்டு! நான்தான் சொன்னேனே, உள்ளுக்குள்ள திறமை ஒளிஞ்சு கிடக்குன்னு." பிறகு வைஜயந்தியின் காதருகே குனிந்து, "மூணு பேர் போதும்னேனே" என்றார். போன் வந்தது. பேசிக்கொண்டே கொஞ்சம் தள்ளிப் போனார்.

வைஜயந்தி குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "என்ன மாவ்ஷி இது? ஓடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

கமல் மாவ்ஷி மூச்சு வாங்கியபடி கண்ணடித்தாள். "சும்மா இருங்க மேடம். எங்களுக்குத் தெரியாதா? திங்கக்கிழமை உங்களுக்கு இன்டர்வியூவாமே. கேன்டீன்ல பேசிக்கிட்டாங்க. அந்த மும்பைக்காரன் உங்க கணக்கைத்தான் சோதிக்க வந்திருக்கான். எங்க மேடத்தோட கணக்கு தப்புன்னு ஒருத்தன் சொல்லிட்டுப் போறதா? விடுவோமா? பெரிய பதவி வந்ததும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தா சரி."

சுமன் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டே வைஜயந்தியைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரிப்பதை வைஜயந்தி முன்பு பார்த்ததாக நினைவில்லை.

வாட்ச் அவள் உள்ளங்கையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்திருந்தாள்.

ஸப்ரே போனை வைத்துவிட்டு வந்தார். "சாஹேப்," என்றாள் வைஜயந்தி, "இந்த நேரம் செல்லாது."

"ஏன்? நான்தான் கண்ணால பார்த்தேனே."

"அதனாலதான் செல்லாது. மிச்சம் பிடிச்சது தட்டு இல்ல, நாற்காலி இல்ல. நான்தான். நான் எங்க போய் நிக்கறேனோ அங்க நேரம் குறையும். வாங்க, டீ குடிக்கப் போவோம்."

"இப்பவா?"

"ஒரு மணி நேரம்."

மூடி வைக்கும் பிளாஸ்டிக் கூடைகளை எடுத்துவிட்டு, ஆறு காலிக் கூடைகளை வைக்கச் சொன்னாள். வாட்சைக் கழற்றி ஸப்ரே கையில் கொடுத்தாள். கேன்டீனில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவர் வைஜயந்தி நாற்காலியில் இருப்பதைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று விசாரித்தார். ஸப்ரே முதல் டீயைக் குடித்தார். இரண்டாவதையும் குடித்தார். கைகளை நீட்டிப் பேச விஷயமில்லாததால் ஒரு வடாபாவும் சாப்பிட்டார். தன் ஊர் சாவந்த்வாடி என்றும் அப்பாவுக்கு மளிகைக் கடை என்றும் சொன்னார். மணி பன்னிரண்டு இருபதுக்குத் திரும்பி வந்து கூடைகளை எண்ணினார்கள். முந்நூற்று அறுபத்து நாலு மூடிகள்.

ஸப்ரே கைபேசியில் வகுத்தார். வைஜயந்தி அதற்குள் சொல்லிவிட்டாள். "ஆளுக்கு, மூடிக்கு, ஐம்பத்தொன்பது செகண்டு. கொஞ்சம் மேலே."

"பதினாறு வருஷத்துக்கு முன்னாடி ஐம்பத்தெட்டு."

"ஆமா."

"அப்போ பதினாறு வருஷத்துல இந்தக் கம்பெனி ஒரு செகண்டு மெதுவாயிருக்கு!"

"அந்த ஒரு செகண்டு சுமனோடது, சாஹேப். இந்தப் பதினாறு வருஷத்துல அது ஒண்ணுதான் புதுசு."

மதியம் அவள் அறையில் ஸப்ரே இரண்டாவது மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கொட்டகையில் அடுக்கி வைத்திருந்த மூடிகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முகம் தெளிவாக இல்லை. "இந்த வெந்நீர் யோசனையை மும்பைக்கு எப்படி அனுப்பறது மேடம்? மத்த ஆலையிலேருந்து ரோபோ வருது, கேமரா வருது. நாம டப்பாவுல தண்ணி அனுப்பறோம். ஒரு சென்சாராவது வைக்கலாமா? சூடு எவ்வளவுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறாங்க?"

"சுமன் சுண்டு விரலை விட்டுப் பார்ப்பா."

"சுண்டு விரல்," என்று ஸப்ரே எழுதிக்கொண்டு, பிறகு அடித்தார்.

வைஜயந்தி கணக்கை முன்னால் வைத்தாள். ஆறு பேரும் முக்கி மாட்டினால் மாதம் நூற்று ஐம்பத்தாறு மணி நேரம் கூடுதலாக ஆகும். திரும்பி வரும் குக்கர் ஒன்றைப் பிரித்து, மாற்றி, மறுபடி பெட்டியில் போட இருபத்திரண்டு நிமிஷம். அறுநூறு குக்கருக்கு இருநூற்று இருபது மணி. "எது அதிகம்னு நீங்களே பாருங்க."

ஸப்ரே பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து தாழ்ந்த குரலில் பேசினார். "மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா? வெந்நீரை அனுப்பறேன். அது என் பொறுப்பு. ஆனா பட்டியலை நிறுத்தணும்னா காரணம் வேணும். பழைய மிச்சமெல்லாம் நிஜமில்லன்னு எழுத்துல வேணும். அதை நீங்கதான் எழுதணும். எழுதினா திங்கக்கிழமை உங்ககிட்ட கேக்கற முதல் கேள்வி அதுவாத்தான் இருக்கும். கடைசிக் கேள்வியும் அதுவே. இல்லேன்னா, நாம காலையில டீ குடிக்கவே போகல. நாற்பத்தொண்ணுன்னு அளந்தோம், அவ்வளவுதான். யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

வைஜயந்தி இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். எழுதத் தொடங்குவதற்கு முன் ஒரு கணம் பேனா நின்றது. அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். அவர் பக்கத்து வீடுகளிலெல்லாம் மகள் மேலாளர் ஆகப் போகிறாள் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். பிறகு எழுதினாள். மூடி மேசையில் மிச்சம் என்று தான் கையெழுத்திட்ட அறுபத்தொரு நொடியும், தான் அருகில் நின்றதால் மட்டுமே கிடைத்தது. தான் இல்லாதபோது அது இல்லை. இதில் அந்தப் பெண்களின் தவறு எதுவுமில்லை. ஒரு மூடிக்கு ஐம்பத்தெட்டு நொடி ஆகும். ஆறு பேரும் வேண்டும். நாலாம் எண் சுமன் வாக்சௌரேயின் யோசனைப்படி மூடிக்கு ஒன்பது நொடி கூடுதலாகத் தர வேண்டும். எழுதி முடித்து, கீழே வைஜயந்தி டோங்கரே, செயல்திறன் பிரிவு என்று ஒரு கையெழுத்துப் போட்டாள். பக்கத்திலேயே வைஜயந்தி டோங்கரே, புதுமைப் பிரிவு என்று இன்னொரு கையெழுத்தும் போட்டாள்.

ஸப்ரே படித்தார். மறுபடியும் படித்தார். "நான் போய் நாங்க மெதுவாப் போறோம்னு சொல்லணும். என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க மேடம்."

"சிரிக்கட்டும் சாஹேப். நீங்களும் அன்னைக்குச் சிரிச்சீங்க. அப்புறம் வந்து கூடையை எண்ணினீங்க."

அவர் எழுந்திருக்கப் போனார். வைஜயந்தி தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் ஒரு விரலால் அழுத்திப் பிடித்தாள். "பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. தேதி போடுங்க. மணியும் போடுங்க."

ஸப்ரே பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். மணியைச் சுமாராக நினைவிலிருந்து மூன்று ஐந்து என்று எழுதினார்.

"மூணு ஏழு" என்றாள் வைஜயந்தி. அவர் ஐந்தை அடித்து ஏழு என்று திருத்தும்வரை தாளிலிருந்து விரலை எடுக்கவில்லை.